பாட்டுக் காது

கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ அறிவிப்புக்காகப் பாட்டை நிறுத்துவார்கள். யாரோ மைக்கைத் தட்டிப் பார்ப்பார். முதல் சொல் வருவதற்குள் இரண்டு மூன்று விநாடி போகும். அந்த இடைவெளியில் இன்றும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. சொல் காதில் விழுந்த பிறகுதான் திரும்ப வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் இதை வயதின் கோளாறு என்று நினைக்கிறார்கள். நான் திருத்தியதில்லை. இது என் முப்பதாவது வயதில் வந்தது. வந்த இடத்தையும் காரணத்தையும் எழுதிவைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானமும் கணக்கும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. பஸாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து ஒலிபெருக்கி கட்டப் போவேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை நானா என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கையைச் சுட்டுச் சுட்டுத் தொழில் பழகியவர். நான் புத்தகத்தில் படித்துப் பழகியவன். இந்த வித்தியாசம் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் இருந்தது சின்ன செட். கார் பெட்டரியில் ஓடும் ஒரு அம்ப்ளிஃபையர், ஒரு மைக், இசைத்தட்டு போடும் பெட்டி, சத்தம் வெளியே வரும் புனல்போன்ற இரண்டு குழாய். இவை எல்லாவற்றையும் ஒரு வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போவோம். அம்ப்ளிஃபையர் முப்பது வாட். முதலில் ஒரே ஒரு குழாய்தான் இருந்தது. அதன் பின்னால் திருகும் யூனிட், அதாவது மின்சாரத்தைச் சத்தமாக மாற்றும் உறுப்பு, இருபத்தைந்து வாட் தாங்கும். பிறகு கொழும்பிலிருந்து பழைய குழாய் ஒன்று கிடைத்தது. அதன் யூனிட் பத்து வாட்தான் தாங்கும். ஆனால் இரண்டின் மின்தடையும் பதினாறு ஓம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எட்டு ஓம். அம்ப்ளிஃபையரின் முதுகில் எட்டு ஓமுக்கு என்று தனி முனை இருந்தது. கணக்கு அழகாக உட்கார்ந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

நானாவுக்குப் போதவில்லை. ஒரு நாள் கடையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒரே கேத்தல்ல இருந்து பெரிய கோப்பைக்கும் சின்னக் கோப்பைக்கும் ஒரே அளவு ஊத்துறீங்க மாஸ்டர். பெரிசு கொள்ளும். சின்னது என்ன செய்யும்?"

அவர் சொன்னது சரிதான். ஓம் ஒன்றாக இருந்தால் இரண்டு குழாயும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். அம்ப்ளிஃபையர் முழு மூச்சாக ஓடினால் ஆளுக்குப் பதினைந்து வாட். சின்னது தாங்குவது பத்து. அதற்கு முன்னால் ஒரு தடைக் கம்பியைச் சேர்த்துவிட்டால் சின்னக் குழாய் தனக்குத் தாங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்றார் நானா. அப்படிச் செய்தால் அதன் சத்தம் குறையும், தூரத்துக்கு எட்டாது என்றேன் நான். பிறகு கரும்பலகைக்கு முன்னால் நிற்பவன்போல விளக்கினேன். மனிதன் பேசும்போது சத்தம் ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும். சராசரி எடுத்தால் அந்தப் பதினைந்து ஐந்தாகிவிடும். ஐந்தைப் பத்து தாராளமாகத் தாங்கும்.

"பேசுறவன் மூச்சு விடுவான், சரி," என்றார் நானா. "தட்டு மூச்சு விடுமா?"

நான் சிரித்தேன். பாட்டு போடும்போது சத்தத்தைக் குறைத்து வைப்பேன் என்றேன். கடையில் இருந்த தடைக் கம்பி கடையிலேயே கிடந்தது.

அந்தக் காலத்தில் தோட்டத்து மக்களின் வாயில் எப்போதும் இருந்த சொல் பிரஜாவுரிமை. இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த மலையிலேயே பெற்றோரைப் புதைத்தவர்களும் தாங்கள் இந்த நாட்டுக்காரர் என்று மனுப் போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. மனுப் போட்டவர்களை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எத்தனை வருஷம் இருக்கிறாய், எங்கே வேலை செய்தாய், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று கேட்பார்கள். குடும்பத் தலைவனின் மனுவிலேயே மனைவி, பிள்ளைகள் பெயரும் இருக்கும். அவன் தேறினால் எல்லோரும் தேறுவார்கள். குறித்த நாளில் அவன் போகாவிட்டால் எல்லோருக்கும் கதவு சாத்திவிடும்.

ஒரு சனிக்கிழமை தொழிற்சங்கத்துப் பிரதிநிதி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஹட்டனில் நடக்கவிருந்த விசாரணையை இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளி, புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். கடிதம் போட்டால் தோட்டத்து ஆபீஸுக்குப் போய், அங்கே தூங்கி, வெள்ளிக்குப் பிறகுதான் ஆளுக்குப் போய்ச் சேரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைப் பக்கத்து நான்கு தோட்டங்களில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டார். நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அன்று நானாவுக்குக் கடையில் வேலை. நான் காரோட்டியோடு தனியாகப் போனேன்.

நான்காவது தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பின்னேரம் மூன்று மணி. அந்தத் தோட்டம் ஒரு பள்ளத்தின் இரண்டு பக்கமும் கிடந்தது. இந்தப் பக்கத்தில் தேயிலை ஸ்டோரும் கோயிலும், தொழிலாளர் குடியிருக்கும் பெரிய லயங்களும். நடுவில் கற்களுக்கிடையே இரைந்துகொண்டு ஓடும் ஆறு. அந்தப் பக்கத்துச் சரிவில் தோட்டத்தின் இன்னொரு பிரிவு, மேல் டிவிசன். அங்கே இரண்டே இரண்டு லயம், முன்னால் காய்கறித் தோட்டங்கள். நடந்து போனால் முக்கால் மணி நேரம். கோயில் வாசலில் நின்று பார்த்தாலோ அங்கே கொடியில் காயும் துணி என்ன நிறம் என்று சொல்லிவிடலாம்.

கோயில் முன்னால் இருந்த கம்பத்தில் குழாய்களைக் கட்டினேன். தூரத்துக்குப் பெரிய குழாய், பக்கத்துக்குச் சின்னக் குழாய் என்று கட்டியிருக்க வேண்டும். இதைச் சொல்ல விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. நான் மாற்றிக் கட்டினேன். கோயில் வாசலில் தோட்டத் தலைவரும் நாலைந்து பெரிய மனிதர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் கோயில் திருவிழாவுக்கு யாருடைய செட்டை எடுப்பது என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். பெரிய குழாயை அவர்கள் பக்கம் திருப்பினேன். சின்னக் குழாயை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்க்க வைத்தேன். ஆற்று இரைச்சலைத் தாண்டி அங்கே எட்டக்கூடியது அது ஒன்றுதான்.

ஆட்களைக் கூட்டுவதற்காக முதலில் பாட்டுப் போட்டேன். இரண்டாவது தட்டு ஓடும்போதே வாசல் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கூட்டுங்க மாஸ்டர், மேல் டிவிசன்காரனுக்கும் கேக்கட்டும் என்றார் தலைவர். நான் கூட்டினேன். மூன்றாவது தட்டில் இன்னும் கூட்டினேன். பேச்சுக்குப் போட்ட கணக்கில் பாட்டை ஓட்டினேன். நான்காவது தட்டின் பாதியிலேயே சின்னக் குழாயின் கதை முடிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பெரிய குழாய் என் தலைக்கு மேல் முழங்கிக்கொண்டிருந்தது.

பாட்டை நிறுத்தி மைக்கை எடுத்தேன். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் கிடைத்தவர்கள் அன்று வர வேண்டாம், புதன்கிழமை காலை எட்டு மணிக்கே கடிதங்களோடு ஹட்டனுக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னேன். பாடசாலைக் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

சொல்லும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். காய்கறித் தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டிருந்த ஒரு ஆள் தெரிந்தார். பாட்டு நின்றதும் அவர் நிமிர்ந்திருக்கிறார். மம்பெட்டியை ஊன்றிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று காத்து நிற்கும் ஆளின் நிற்பு அது. நான் ஒரு தடவை முழுதாகச் சொல்லி முடித்தேன். அவர் அசையவில்லை. இரண்டாம் தடவை பாதி சொல்லும்போது, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் குனிந்து மறுபடியும் மண்ணைக் கொத்தத் தொடங்கினார்.

காதில் பேச்சு விழும்போது யாரும் அப்படிக் குனியமாட்டார்கள். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் தடவையும் சொல்லி முடித்துவிட்டு, கயிற்றை இறுக்குபவன்போலக் கம்பத்துப் பக்கம் போனேன். சின்னக் குழாயின் பின்னால் கையை வைத்தேன். சுட்டது. அரக்கு எரிந்த வாடை வந்தது. பெரிய குழாயை அவிழ்த்து அந்தப் பக்கம் திருப்பி இன்னொரு தடவை சொல்லியிருந்தால் கால்மணி நேரம் ஆகியிருக்கும். என்ன ஆயிற்று மாஸ்டர் என்று கேட்பார்கள். ஒரு குழாய் எரிந்துபோயிற்று என்று சொல்ல வேண்டும். அதற்குள் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. தலைவர் எழுந்து வந்து, இன்றைக்கு மேல் டிவிசன் கல்லுக்குக்கூட காது வந்திருக்கும் மாஸ்டர் என்றார். நான் சிரித்துவிட்டு வயரைச் சுற்றினேன். மூட்டம் ஆற்றைத் தாண்டி அந்தச் சரிவையும் அந்த ஆளையும் மூடியது.

எப்படியும் சேதி போய்ச் சேரும் என்று காரில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோட்டத்தில் ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் லயம் முழுதும் பேசும். அது உண்மைதான். ஆனால் குழாய் வருவதற்கு முன்பிருந்த உண்மை. மேல் டிவிசன்காரர்கள் பாதிப் பேர் அன்று பஸாருக்குப் போயிருந்தார்கள். பொழுது சாய வந்தவர்கள் வழியிலேயே செய்தியைக் கேட்டிருந்தார்கள். குழாயில் சொல்லியாயிற்று, அதுவும் மேல் டிவிசனைப் பார்த்துக் கட்டிய குழாய். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த சேதியை யார் யாரிடம் போய்ச் சொல்வது? குழாய் பேசியதால் வாய்கள் சும்மா இருந்துவிட்டன.

மண் கொத்திக்கொண்டிருந்தவர் அந்தத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். தேயிலைச் செடியை வெட்டி மட்டம் பண்ணும் வேலை. நாற்பது வயதிருக்கும். மேல் டிவிசனில் அன்று விசாரணைக் கடிதம் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். கீழ் லயங்களில் மூன்று பேர். அந்த மூன்று பேரும் புதன்கிழமை போனார்கள். அவர் குறுக்குப் பாதையால் போயிருப்பார் என்று நினைத்தார்கள். அவர் அன்று மலையில் கத்தியோடு நின்றார்.

வெள்ளிக்கிழமை அவர் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் ஹட்டனுக்கு வந்தார். பிறப்புச் சான்றுகளையும், தகப்பன் காலத்தில் வேலைக்குச் சான்றாகத் தோட்டம் கொடுத்த துண்டுக் கடிதங்களையும் ஈரம் படாமல், தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். விசாரணை நடந்த மண்டபம் பூட்டிக் கிடந்தது. காவற்காரன் சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையை விரித்தானாம். பின்னேரம் வரையில் வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினார்கள். சில வாரங்களில் பதில் வந்தது. விசாரணைக்கு வராததால் மனு தள்ளப்பட்டது.

இதற்கு நடுவில் நானா அந்த யூனிட்டைத் திறந்திருந்தார். உள்ளே இருந்த கம்பிச் சுருளை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். கரிபோல இருந்தது. எப்போது போயிற்று என்று கேட்டார். திரும்பி வரும்போது காரில் அடிபட்டிருக்கும் என்றேன்.

"அடிபட்டா கம்பி அறும் மாஸ்டர். இது வெந்திருக்கு."

புதுச் சுருளைப் போட்டு, தடைக் கம்பியையும் என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டார்.

சங்கத்துப் பிரதிநிதி நல்ல மனிதர். தள்ளிய மனுவைத் திரும்ப எடுக்க வழியிருக்கிறது என்றார். தேதி மாறிய செய்தி அந்த ஆளுக்கு எட்டவில்லை என்று காட்ட வேண்டும். காட்டினால் மறுபடி விசாரிப்பார்கள். ஒரு ஞாயிறு காலை ஹட்டனில் சங்கத்து அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார். தோட்டத் தலைவர் வந்தார். கவ்வாத்துக்காரர் மனைவியோடு வந்தார். நானும் போனேன். அதுவரை அவரை ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் பார்த்திருந்தேன். ஒல்லியான மனிதர். உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

பிரதிநிதி முதலில் என்னைக் கேட்டார். மேல் டிவிசன் பக்கம் குழாய் கட்டினீர்களா? கட்டினேன் என்றேன். அது உண்மை. அடுத்த கேள்வி வந்தது.

"அன்னிக்கு அது பேசுச்சா மாஸ்டர்?"

இரண்டு மூன்று விநாடி போயிருக்கும். அந்த விநாடிகளில் நான் எதையும் ஆலோசிக்கவில்லை. ஆலோசித்தேன் என்று சொன்னால் என்னைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னதாகும். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைவரின் முகம் எனக்கு எதிரே இருந்தது, அவ்வளவுதான்.

"ரெண்டு குழாயும் பேசுச்சு," என்றேன்.

தலைவர் கவ்வாத்துக்காரர் பக்கம் திரும்பி, அன்றைக்குப் பாட்டுச் சத்தம் கேட்டதா இல்லையா என்று கேட்டார். அவருக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது. மேல் டிவிசனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லாத குற்றம் அவர் தலையில் விழாமல் இருக்க வேண்டும்.

"பாட்டு கேட்டுச்சுங்க," என்றார் கவ்வாத்துக்காரர். "மூணு பாட்டு முழுசாக் கேட்டுச்சு. நாலாவது பாட்டு பாதியில நின்னுருச்சு. பேச்சு கேக்கலீங்க. கொழா எங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நானும் அதைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒண்ணும் சொல்லல."

கம்பிச் சுருள் எந்த நேரத்தில் வெந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் அரை மைலுக்கு அப்பால் நின்று அவர் பழுதை அவ்வளவு சரியாகச் சொன்னார். அந்த அறையில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான்.

தலைவர் சிரித்தார். "பாட்டுன்னா கேக்குது, பேச்சுன்னா கேக்கல. என் பொஞ்சாதிக்கும் இதே காதுதாம்ப்பா."

பிரதிநிதிகூட சிரித்துவிட்டார். கவ்வாத்துக்காரரின் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமை பஸாருக்குப் போயிருந்தவர்; வேறு வழியால் திரும்பியதில் அவர் காதிலும் சேதி விழவில்லை. அவரும், சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு, கணவரைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேல் டிவிசனில் அன்று வீட்டிலிருந்த ஒரு கிழவியையும் இரண்டு பெண்களையும் பிறகு விசாரித்தார்கள். குழாய்ச் சத்தம் கேட்டதா என்று கேட்டால், கேட்டது என்றார்கள். பாட்டு கேட்டிருக்கிறது, பொய்யில்லை. மனு திரும்ப எடுக்கப்படவில்லை.

அந்தச் சிரிப்பு கவ்வாத்துக்காரருக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்விட்டது. பாட்டுக் காது என்று பெயர் வைத்தார்கள். பெரட்டுக் களத்தில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் நேரத்தில், கங்காணி இவர் முறை வரும்போது மட்டும் கையை வாயில் குவித்துக் கத்துவாராம், மற்றவர்கள் சிரிப்பார்களாம். முதலில் வேடிக்கையாகக் கத்தினார்கள். பிறகு பழக்கமாகக் கத்தினார்கள். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் கத்தினார்கள். வீட்டில் மனைவியும் கத்தினார்.

நான் இதையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒரு தடவை நேரில் பார்த்தேன். நாலைந்து வருஷம் கழித்து, பொகவந்தலாவை பஸாரில் ஒரு கடையில் அவர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, தலையைச் சாய்த்து, 'ஆங்?' என்றார். கடைக்காரர் கத்தினார். அவர் தலையாட்டினார். நல்ல காது உள்ள ஒரு மனிதனை ஒரு தோட்டம் முழுதும் சேர்ந்து செவிடாக்கியிருந்தது. முதல் ஆளாக நான் ஆக்கினேன். கடைசி ஆளாக அவரே தன்னை ஆக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன். எனக்கு அந்தப் பக்கம் வேலையே இருக்கவில்லை.

அந்த வருஷங்களில் என் செட்டுக்கு நல்ல பேர் வந்தது. குழாய் கட்டியதும் காரோட்டியை மைக்கில் எண்ணச் சொல்லிவிட்டு நான் மலைமேல் நடப்பேன். கடைசி லயத்தின் கடைசிக் காம்பரா அறைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எண்ணும் காதில் விழுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். பெரிய யூனிட்டை எப்போதும் தூரத்துக்குக் கொடுப்பேன். சின்னதற்குத் தாங்குவதைவிடக் குறைவாகக் கொடுப்பேன். மாஸ்டர் கட்டினால் எட்டாத இடம் இல்லை என்று பூண்டுலோயா வரைக்கும் சொன்னார்கள். நானாவின் முன்னால் யாராவது அப்படிச் சொன்னால் அவர் எழுந்து கடைக்குள்ளே போய்விடுவார். எந்தத் தோட்டத்தில் கட்டினாலும், பாட்டை நிறுத்தி மைக்கைக் கையில் எடுத்ததும் என் கண் எதிர்ச் சரிவுக்குத்தான் போகும். எதிர்ச் சரிவே இல்லாத இடத்திலும் தேடும். அங்கே ஒருவர் மம்பெட்டியை ஊன்றி நிற்பார். நான் பேசத் தொடங்குவேன். அவர் குனிவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவர்களில் யாரும் கண்டிராத ஊர் அது. பிறந்த பிள்ளைகளுக்கு நாடு இல்லை, அங்கே போனாலாவது ஒரு சீட்டுக் கிடைக்கும் என்று போகிறார்களாம். நான் முதலில் பிரதிநிதியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி மேசையில் வைத்தார். அப்போது கொடுத்திருந்தால் ஒரு காகிதம், இப்போது அது காகிதமும் இல்லை என்றார். காலமும் கடந்துவிட்டது, போகிறேன் என்று அந்த ஆளே கைநாட்டும் வைத்துவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் நான் மலை ஏறினேன். முதலில் ஏறியிருக்க வேண்டியது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் வாசலைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, மேல் டிவிசன் லயத்துக்குப் போனேன். காம்பராவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையில் அவர் ஒரு சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பார்த்ததும் அவர் காதருகே குனிந்து கத்தினார்.

"மாஸ்டரு! ஹட்டன் மாஸ்டரு வந்திருக்காரு!"

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் காம்பரா ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு அவர் மனைவி தேத்தண்ணி வைக்க உள்ளே போனார். கவ்வாத்துக்காரர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

நான் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கக் கூடாது என்று பயந்தேன். அவருக்கே கேட்காமல் போனாலும் போகட்டும், சொன்னேன் என்ற கணக்கு எனக்கு இருக்கும் என்று மனத்தின் ஒரு மூலை நினைத்தது. அந்த மூலையையும் இங்கே எழுதிவிடுகிறேன். அன்று சின்னக் குழாய் எரிந்துபோனது, பேச்சு இந்தப் பக்கம் வரவே இல்லை, எனக்கு அது அன்றே தெரியும், சங்கத்து அறையில் நான் சொன்னது பொய். மொத்தமும் இவ்வளவுதான். சொல்ல அரை நிமிஷம் போதுமாக இருந்தது.

அவர் காதிலிருந்து கையை எடுத்தார்.

"நாலாவது பாட்டுலயாங்க?"

"ஆமா."

"பாதியில?"

"ஆமா."

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். "அப்ப என் காது நல்ல காதுதான்," என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் மனைவியைக் கூப்பிட்டார். "இவகிட்டயும் சொல்லுங்க மாஸ்டர். நான் சொன்னா நம்ப மாட்டா."

மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது எனக்குக் கேட்டது. அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். என்னிடம் நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா, நாங்க இங்கனயே இருந்திருப்போமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விசாரணையில் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. கீழ் லயத்திலிருந்து புதன்கிழமை போன மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கிடைத்திருந்தது. அவர்களைவிட இவரிடம் காகிதங்கள் அதிகம் இருந்தன.

"இருந்திருப்பீங்க," என்றேன்.

அந்த அம்மா கோப்பையைத் தரையில் வைத்தார். கணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் காதருகே குனியவில்லை, கையைக் குவிக்கவில்லை. முகத்தை அவர் பக்கம் திருப்பி, உதடு மட்டும் அசைகிறது என்னும்படி, ஏதோ சொன்னார். ஏழெட்டுச் சொல் இருக்கும். கணவர் கேட்டுக்கொண்டார். பதில் சொன்னார், அதுவும் அதே குரலில். மனைவி திரும்ப ஏதோ கேட்டார்.

நான் மூன்றடி தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் நெடுநேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்கூட எனக்கு எட்டவில்லை.